நான் போட்ட வயது

ஒரு ஹைஸ்கூல் வாத்தியாரை ஜெயிலுக்கு அனுப்ப ஒரு பிறந்த தேதி போதும் என்று நான் பன்னிரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியாகிரகத்தில் உள்ளே போய்வந்த எதிர்வீட்டுக்காரரிடம் களி எப்படி இருக்கும் என்றுகூட விசாரித்து வைத்தேன். "உப்புக் கம்மி" என்றார். அன்று முதல் வீட்டில் எனக்கு மட்டும் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லிப் பழகினேன்.

சேலத்தில் நான் வேலை பார்த்த அந்த ஹைஸ்கூலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், ஓட்டுக் கொட்டகை மாடிக் கட்டடம் ஆனதையும், லேப் வந்ததையும், திறந்து வைக்க வந்த துரை மாலையின் கனத்தில் தடுமாறியதையும் எழுதுவார்கள். ஜூன் மாதம் வராந்தாவில் போடுகிற மேஜையை எழுத மாட்டார்கள். முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், பையனைச் சேர்க்க வரும் தகப்பன்மார்களுக்குப் பெரும்பாலும் பிறந்த தேதி தெரியாது. மேஜைக்குப் பின்னால் இருக்கிற வாத்தியார் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தேதி போடுவார். போட்டது போட்டதுதான், பெற்றவளே வந்து சொன்னாலும் மாறாது என்பது எங்கள் எண்ணம். அந்த வருஷம் மேஜை எனக்கு.

ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மகனோடு வந்தார். பையன் தலை அவர் தோளைத் தாண்டியிருந்தது.

"எப்போய்யா பொறந்தான்?"

"மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாளுங்க. வருசந்தான் நெனப்பில்லீங்க. பத்து வயசு இருக்குமுங்க சாமி."

"பத்தா? இவன் உம்ம கூட நடந்து வந்தானா, உம்மைத் தூக்கிட்டு வந்தானா?"

வராந்தாவே சிரித்தது. கூட்டம் சிரித்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பன்னிரண்டு வயதுக்கு ஒரு தேதியைப் போட்டுவிட்டேன். அவரும் சிரித்தார். "நீங்க பாத்து எழுதுனாச் சரிங்க. படிச்சவிங்க."

ஆறு வருஷம் போயிற்று. யுத்தம் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்ற அந்தப் பையன், அப்பா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, பள்ளிச் சர்டிபிகேட்டைக் காட்டிப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பட்டாளத்துக்குப் பதினெட்டு வயது வேண்டும். சர்டிபிகேட்டில் பதினெட்டு இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பையனின் அப்பா வந்தார். கையில் மணியக்காரரிடம் எழுதி வாங்கிய பிறப்புப் பதிவின் நகல். அதில் பையனுக்குப் பதினாறு.

"பள்ளிக்கூடத்துலயும் திருத்தி ஒரு காயிதம் குடுத்தா உட்டுருவாங்களாமுங்க. இன்னும் பெங்களூர்லதான் வெச்சிருக்காங்க."

திருத்தினால் விசாரணை. விசாரணை என்றால் எழுதியது யார் என்பார்கள். அந்த ஜூனில் மட்டும் உயரத்தைப் பார்த்து நான் வயது போட்ட பையன்கள் எத்தனை பேர்! நகலைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை லேபுக்குள் போய் மேஜைக்கடியில் உட்கார்ந்துகொண்டேன். வருகிறவரிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லும்படி பியூனுக்கு உத்தரவு. அவன் பொய் சொல்லத் தெரியாத மனிதன்.

"சாருக்குக் காச்சலுங்க. லேபுக்குள்ள மேசைக்கடியில ஒக்காந்திருக்காரு."

அப்பா சிரிக்கவில்லை. "நல்லானதும் வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஓமலூர்ச் சாலையில் நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாடா என்றுகூட இருந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. முதல் மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். ஒளிய இடமில்லை.

"பயந்துக்காதீங்க சாமி. உங்க மேல பிராது சொல்ல வரலீங்க. பாத்து எழுதுங்கன்னு அன்னிக்குச் சொன்னவன் நானுந்தானுங்களே. பையன் ஊடு வந்தாப் போதுமுங்க."

அவரை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். கோட்டுப் பையிலிருந்து நகலை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். தலைமையாசிரியர் நகலைப் பார்த்தார். பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு, மேலே சரியான தேதி, பக்கத்தில் கையெழுத்து.

"இதுக்கா ஐயா மேஜைக்கடியில குந்தியிருந்தீர்? மாசத்துக்கு ரெண்டு இப்படித் திருத்திட்டிருக்கேன்."

பட்டாளத்துக்கும் அவரே கடிதம் எழுதினார். எல்லாம் பத்து நிமிஷ வேலை. வெளியே வந்ததும் அப்பா என்னைக் கும்பிட்டார். என்னைப் போய்க் கும்பிட்டார்.

பதில் வந்தது. பையனின் பிரிவு முகாமை விட்டுப் போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டு வரி. என்றைக்குப் போனார்கள் என்பதைப் பையன் வீட்டுக்குப் போட்ட கார்டிலிருந்து பிறகு தெரிந்துகொண்டோம். நான் லேபில் உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய். முதல் திங்கட்கிழமையே கடிதம் போயிருந்தால் புதன்கிழமை பெங்களூர் சேர்ந்திருக்கும்.

என்னை யாரும் விசாரிக்கவில்லை. பையன் பர்மா எல்லையில் மலேரியாவில் இறந்துபோனான். அப்போது அவனுக்குப் பதினேழு முடியவில்லை.