கன்னத்தில் போட்டுக்கொண்ட நாய்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். நான் எட்டாவதோடு நின்றவள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பயம். எங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சுற்றுவட்டாரமே ஒரு கதை சொல்லிக் கும்பிட்டது. அது அப்படி இல்லை என்று நான் சொன்னால் சாமிக் குற்றம் ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாசம் வானூர் சந்தையில் ஒரு பொம்பளையைப் பார்த்த பிறகு இனிமேல் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம் என்று பட்டது.

என் வீட்டுக்காரருக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று வேலை இருக்காது. அதனால் கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். மாலை போட்டுவிட்டால் எனக்கும் அவர் சாமிதான், அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டில் மீன் கிடையாது, கருவாட்டு வாசனைகூடக் கிடையாது.

நாய் செம்பட்டை நிறம், நாட்டு நாய். குட்டியில் உப்பளத்து வரப்பில் நடுங்கிக்கொண்டு கிடந்ததை அவர்தான் துண்டில் சுருட்டிக் கொண்டுவந்தார். மீன் குழம்புச் சோறு என்றால் சட்டியை நக்கி நக்கிக் கழுவி வைத்தது போல ஆக்கிவிடும். இது நடந்த வருஷம் அவர் மாலை போட்டு, மீன் இல்லாமல் போனதும், அடுப்புக்கு வைத்திருந்த சவுக்கு விறகை இழுத்துப்போட்டுக் கடித்துக்கொண்டிருந்தது. பொழுது போகாமல் கடிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் தயிர்சோறு வைத்தேன், தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அன்று சாயங்காலம் பஜனைக்கு வந்த சாமிமார் கற்பூரம் ஏற்றினார்கள். நாய் எழுந்து வந்து உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி முகத்தில் தேய்த்துக்கொண்டது.

"யம்மா! கன்னத்துல போட்டுக்குது பாருங்க!" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். "அக்கா, உங்க வூட்டு நாய்க்கு இருக்கிற பக்தி எங்க வூட்டுக்காரருக்கு இல்லக்கா. நேத்துகூட ஒயின் ஷாப்புல நின்னாரு."

"வைரவர் வாகனமாச்சே. நம்மகூட சேந்து விரதம் இருக்குது" என்றார் குருசாமி. அடுத்த நாளே ஒரு துளசி மாலையை அதன் கழுத்தில் போட்டார்கள். தெருவே வந்து குங்குமம் வைத்தது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்து போயிற்று. எனக்கும்தான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் நாலைந்து நாளில் அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் சோற்றுச் சட்டியை எடுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். வாயை வைக்கும். சட்டென்று பின்னால் போகும். வாயிலிருந்து கோழையாக எச்சில் ஒழுகும். விரதம் இருக்கிறவன் சோற்றைக் கண்டு இப்படி ஓடிவருவானா?

"சாமி, அது சட்டியப் பாத்தும் கன்னத்துல போட்டுக்குது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அன்னமும் தெய்வம்தானே" என்றார்.

"சரி. காலைல சாக்கடைப் பக்கம் திரும்பிப் போட்டுக்கிச்சே, அங்க எந்த தெய்வம் இருக்குது?"

அவர் மெதுவாக, "விரதத்த நாம கலைச்சிட்டா பாவம் இல்லியா?" என்றார். அவர் நாயைப் பார்த்த பார்வையில் அவருக்கும் பயம் வந்துவிட்டது தெரிந்தது. நான் விளக்கு முன்னால் போய் நின்றேன். ஐயப்பா, இது உனக்காக இருக்கிற விரதமா, இல்லை வலியா, தெரியவில்லை. வலியாக இருந்து, நாங்கள் குங்குமம் வைத்தே இதைச் சாகவிட்டால் எந்த மலை ஏறியும் அந்தப் பாவம் தீராது. இதைத்தான் வேண்டினேன். திரும்பி வந்து நாயைத் தூக்கினேன். அவர் செருப்பில்லாத காலோடு என்கூட வந்தார்.

ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர், "நாயெல்லாம் ஏத்த முடியாதும்மா" என்றார். பிறகு அதன் கழுத்தைப் பார்த்தார். "அய்யோ, சாமியா! ஏறுங்க சாமி, ஏறுங்க. முன்னாடியே ஒக்காருங்க சாமி." நாயைத்தான் சொன்னார். அந்த வேதனையிலும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

மாட்டாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். ஊசி போட்டு மயக்கி, வாயைத் திறந்து டார்ச் அடித்ததும், "இங்க வாங்க, பாருங்க" என்று கூப்பிட்டார். மேல்வாயில், இந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில், குறுக்குக் கட்டை போட்டது போல ஒரு சவுக்குக் குச்சி. சுற்றிலும் புண். இடுக்கியால் ஒரே இழுப்பு, வந்துவிட்டது.

"கன்னத்துல போட்டுக்கல சாமி" என்றேன். "இத எடுத்து விடுங்கடான்னு நம்மள கேட்டுக்கினே இருந்துச்சு."

அவர் அந்தக் குச்சியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்தார். வாரம் ஒருமுறை வாயைத் திறந்து பார்க்க வேண்டும். சோற்றுக்கு ஓடிவந்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினால் வாயில் என்னவோ என்று பார்க்க வேண்டும். அவரோடு உப்பளத்துக்குப் போனால் அதற்கு நல்ல தண்ணீர் எடுத்துப்போக வேண்டும், வீடு திரும்பியதும் அதன் காலில் ஒட்டிய உப்பைக் கழுவிவிட வேண்டும். கடைசியில், "கொஞ்ச நாள் கஞ்சியும் அவிச்ச முட்டையும் குடுங்க, ஒடம்பு தேறணும்" என்றார்.

மாலை போட்ட வீட்டில் முட்டையா? நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"விரதம் எனக்குத்தான். வாயில்லா ஜீவனுக்கு எதுக்கு?" என்று அவர் அதன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முட்டையைப் பக்கத்து வீட்டுக்காரி, மாலை போடாத அவள் வீட்டு அடுப்பில் அவித்து, கஞ்சியில் பிசைந்து எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். குச்சி விஷயம் கேட்டுத் தெருவே கூடி நின்றது. நாய் ஓடிவந்தது. வாயை வைத்தது. பின்னால் போகவில்லை! சப்புக் கொட்டிக்கொண்டு தின்றது, சட்டி தரையில் இழுபட இழுபடத் தின்றது. குருசாமிதான் முதலில் சரணம் போட்டார். அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். எத்தனையோ கற்பூர ஆரத்தி பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்ததில்லை.

ஆனால் கிளியனூர், வானூர் என்று பரவியது விரதக் கதை மட்டும்தான். குச்சி வழியிலேயே விழுந்துவிட்டது. போன மாசம் சந்தையில் காய் வாங்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை பேச்சுவாக்கில், "எங்க நாயும் சோறு தொடலக்கா. மரக்காணத்து நாய் மாதிரி விரதம் போல, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு வுட்டுட்டோம்" என்றாள். காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "அந்த நாயே என்னுதுதாம்மா. ஓடிப்போய் வாயத் தொறந்து பாரு" என்றேன். என் போன் நம்பரையும் கொடுத்தேன். மறுநாள் கூப்பிட்டாள். கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் வைத்திருந்ததாம். பிடுங்கிவிட்டார்களாம். "தின்னுதுக்கா, தின்னுது!" என்று போனிலேயே அழுதுகொண்டே சிரித்தாள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். இதைப் பிறருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். எங்கள் நாயைத் தெய்வமாக்க வேண்டாம், என்னைப் பெரிய மனுஷி ஆக்கவும் வேண்டாம். எதைச் சுருக்கினாலும் அந்தச் சவுக்குக் குச்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.