ரோச் அண்ணாச்சியின் புறங்கை

தங்கதுரையின் ஆட்டோ தெருவுக்குள் வந்து நின்றால், இறங்குவது யார் என்று பார்ப்பதற்கு முன்பே ரோச் அண்ணாச்சி வண்டிக்குப் பின்பக்கம் போயிருப்பார். குனிந்து, வலது புறங்கையை இஞ்சின் மூடிமேல் பட்டும் படாமலும் வைத்து, நான்கு விநாடி கண்ணை மூடிக்கொள்வார்.

"ஏலே, ஆயில் மாத்தி ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும். இப்படியே ஓட்டுனேன்னா இஞ்சின் கையோட வந்துரும், பாத்துக்க."

தங்கதுரை தலையைச் சொறிவான். பெரும்பாலும் அண்ணாச்சி சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அவருக்கு வயது எழுபத்து மூன்று. பெரிய கப்பல்களைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் இழுத்துக்கொண்டு வரும் டக் படகுகளில் முப்பத்து நான்கு வருடம் இஞ்சின் டிரைவராக இருந்தவர். இஞ்சின் அறையில் வரிசையாக மீட்டர்கள் உண்டு. அவற்றை அவர் மதித்ததே இல்லை. "மீட்டர் பொய் சொல்லும் தம்பி. இரும்பு பொய் சொல்லாது" என்பார். ஓய்வு பெற்றபின் தொட்டுப் பார்க்க இஞ்சின் இல்லாமல் போனதால், அந்தக் கை தெருவுக்கே பொதுவாகிவிட்டது. ஃபிரிட்ஜின் முதுகு, தண்ணீர் மோட்டார், மிக்ஸி, என் லேப்டாப் எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. அவர் வீட்டு மாடியில் நான் குடிவந்த அன்று, என் பெயரைக் கேட்பதற்கு முன்பே என் பைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

தெருவில் எந்தப் பிள்ளை சோர்ந்திருந்தாலும் அதன் நெற்றி அவரிடம்தான் வரும். "நூத்தி ஒண்ணு. கால் கூடக் குறைய இருக்கும்" என்று சொல்வார். வீட்டுக்குப் போய்த் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த தாய்மார்கள் திரும்பி வந்து ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். "சூடு இல்லளா, அனுப்பு" என்று அவர் சொல்லிவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் போயே தீர வேண்டும். இதனால் பிள்ளைகள் மத்தியில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனிதரின் பெயரை அவருக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு தெருவில் தும்முவதையே அவர் மானக்கேடாக நினைக்கிறவர்.

மனைவி ஆக்னஸ் அக்காவுக்கு அறுபத்தொன்பது. காலைப் பூசை முடிந்து வந்ததும் அவரைத் திட்ட ஆரம்பிப்பார். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒரு திட்டு, செய்தித்தாளைக் கசக்கியதற்கு ஒரு திட்டு, இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தால் அதற்கும் ஒன்று. மாடியில் எனக்கு அலாரமே தேவைப்படுவதில்லை.

சென்ற கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து மகளும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். வந்த மறுநாளே பிள்ளைகளுக்கு இருமலும் காய்ச்சலும். அண்ணாச்சியின் கைக்கு ஓய்வே இல்லை. "நூத்தி மூணு! கொதிக்குதுலா!" என்று ஈரத்துணியோடு ஓடினார். மூன்றாம் நாள் அந்த இரண்டும் மாடிப்படியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தன. மகள் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனபிறகுதான் ஆக்னஸ் அக்கா இருமத் தொடங்கினார்.

அண்ணாச்சி புறங்கையை வைத்துப் பார்த்தார். நெற்றி குளுகுளுவென்று இருந்தது. சாயங்காலம் வைத்தார், மறுநாள் காலையில் வைத்தார், அப்போதும் சூடு இல்லை. "வெறும் சளிதான். சுக்கு போட்டுக் குடி, சரியாயிரும்" என்றார். அக்கா சரி என்றார். அந்த "சரி"யிலேயே அண்ணாச்சி விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ரெண்டு நாளா ஒரு திட்டு கிடையாது தம்பி. மூணாந்தடவை ஈரத்துண்டைக் கட்டில்லயே போட்டுப் பாத்தேன். ஒண்ணும் சொல்லலை. யேசு பொறந்ததுக்கு எனக்கு இனாம் குடுக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

இதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். பாதியில் குரல் இறங்கிவிடும்.

மூன்றாம் நாள் பாறை மீன் குழம்பை அக்கா தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையன்று "இன்னைக்கு என்ன கிழமை?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, என்றோ செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணாச்சி மாடிப்படி ஏறாமல் கீழே நின்றே என் பெயரைக் கத்தினார். தங்கதுரையின் ஆட்டோவில் தூக்கி வைத்தோம். அன்று அவர் அந்த இஞ்சினைத் தொடவில்லை. வழியெல்லாம் கை அக்காவின் நெற்றிமேலேயே இருந்தது. "சூடே இல்லையே, சூடே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். முதல் மூன்று நாள் ஆக்சிஜன். அந்த மூன்று நாளும் அண்ணாச்சி வார்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வலது கையை இடது அக்குளுக்குள் ஒளித்துவைத்தபடி உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

டாக்டர் ஜீவமணி அவரைவிட முப்பது வயது இளையவர். பொறுமையான அம்மாள். "உங்க கைமேல தப்பு இல்லைய்யா. நிஜமாவே சூடு இல்ல" என்றார். "சின்னப் பிள்ளைகளுக்கு வைரஸ் உள்ள வந்ததும் உடம்பு ஊரையே கூட்டிச் சண்டைக்குப் போகும். அந்த ஆர்ப்பாட்டந்தான் காய்ச்சல். வயசானவங்களுக்கு ஆள் சேரவே நேரமாகும். சத்தமும் வராது. சில பேருக்குக் காய்ச்சலே இல்லாம நெஞ்சுல இறங்கிரும். சாப்பாடு இறங்கலை, ஆள் சோர்ந்து கிடக்காங்க, பேச்சு தடுமாறுது, மூச்சு வேகமா வாங்குதுன்னா உடனே கூட்டிட்டு வந்துரணும்."

அண்ணாச்சி அக்குளிலிருந்து கையை வெளியே எடுத்தார். "அப்போ இஞ்சின் எரியுது, ஆனா அலாரம் அடிக்கலைங்கிய" என்றார்.

"அதேதான்" என்றார் டாக்டர்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்த அக்கா, உள்ளே நுழைந்ததும் சமையலறையைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அண்ணாச்சி அங்கேயே நின்று அழுதார். நானும் கொஞ்சம்.

அதன்பிறகு அவர் அறுபது தாண்டியவர்களின் நெற்றியைத் தொடுவதில்லை. பதிலாக விசாரணை. டீக்கடையில் யாராவது பெரியவர் இருமினால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டிய? எத்தன இட்லி? இன்னைக்கு என்ன தேதி சொல்லுங்க பாப்பம்." உப்பு வியாபாரி காசிலிங்கத்திடம் இதையே மூன்று நாள் தொடர்ந்து கேட்டதில், காசிலிங்கம் வீட்டில் மருமகள் சோறு போடுவதில்லை என்று தெருவில் பேச்சாகிவிட்டது. அந்த மருமகள் இன்றும் அண்ணாச்சியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கொதிநீர் தெறித்த தழும்பு முழங்கை முதல் தோள்வரை உள்ள மனிதர், இந்த அக்டோபரில் ஃப்ளூ ஊசிக்குப் பயந்து இரண்டு முறை தேதி மாற்றினார். கடைசியில் அக்காதான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார். ஊசிக்கு முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இதைப் போட்டா இனி வராதுலா?"

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். இந்த வயசுல உடம்பு ஊசிக்கும் கொஞ்சம் மெதுவாத்தான் எழும்பும். ஆனா வந்தாலும் படுக்கையில தள்ளுறது குறையும். அடுத்த வருசமும் வரணும். அந்த வைரஸ் வருசத்துக்கு ஒரு வேசம் போடும்."

"ஏளா, கேட்டியா? வருசா வருசமாம்" என்றார் அண்ணாச்சி, தூக்குத்தண்டனை கேட்டவரைப் போல.

போன வாரம் மழையோடு எனக்குச் சளி பிடித்தது. இரண்டே நாளில் போய்விட்டது. என்னிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை அண்ணாச்சி தும்மினார். ஒரே ஒரு தும்மல்தான். உடனே தலையணையை எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். சாப்பாடு கதவுக்கு வெளியே ஸ்டூலில். பேச்சு ஜன்னல் வழியே. அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு. அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. இட்லி எண்ணிக்கையையும் தேதியையும் தினமும் எனக்கு அவரே ஒப்பித்துவிடுவார். கவலையெல்லாம் வீட்டுக்குள்ளே இருக்கிற அக்காவின் இரண்டு நுரையீரல்கள் பற்றித்தான். "இன்னொரு தடவை தாங்காது தம்பி. டாக்டர் சொல்லலை. எனக்குத் தெரியும்."

ஆறு நாள் ஆகியும் அவருக்கு மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. நேற்று மாலை மழை விட்டிருந்தது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து முற்றத்துக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னோடு துறைமுகக் கதை பேசிக்கொண்டிருந்தார். ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த அக்கா பாதியிலேயே திரும்பிவிட்டார். கையோடு இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே போட்டார்.

"உள்ள போ, ஆக்னஸ்."

"போவ மாட்டேன். ஆறு நாளா செவத்தோட பேசிக்கிட்டு கெடக்கேன். முப்பத்து நாலு வருசம் கடலுக்குக் குடுத்தது போதாதா உங்கள? இங்கனதான் இருப்பேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.  அண்ணாச்சி கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் சேலையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். வாடைக்காற்று. சேலை தெற்குப் பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தது.

எழுந்து நாற்காலியைத் தூக்கினார். அக்காவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தெற்கு மூலைக்குப் போய், முருங்கை மரத்தடியில் அதைப் போட்டார்.

"அங்கன எதுக்கு?" என்றார் அக்கா.

"இங்கன இருந்தா உன் மூச்சு எனக்கு வரும். என் மூச்சு உனக்கு வராது."

மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை இன்னும் இரண்டடி பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார்.