மூணு தரம் கேட்ட பெட்டி

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் இருபது வருடமாகக் கப்பல் சரக்குக்கு டாக்குமென்ட் அடிக்கிறேன், கண்ணால் பார்க்காததை நம்புகிற வேலை இல்லை அது. அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, போன வருடம் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் சேவியர் திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். மைக் எல்லாம் கிடையாது. ஒரு சீலா மீனைத் தூக்கிப் பிடித்து அவர் ஒரு குரல் கொடுத்தால் கடைசி வள்ளத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில்தான் கட்டி. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், பிறகு பேச்சு வராது, உயிருக்கு நான் பொறுப்பு என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். இவர் என்ன செய்தார் தெரியுமா, கேன்டீனில் போய் எனக்கு ஒரு வடை வாங்கி வந்தார்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், குரலைப் பதிந்து வைத்துக்கொள்வோம் என்று அவருக்கே தோன்றியது. அவருடைய போன் மீன்தண்ணீரில் விழுந்து விழுந்து மைக் போய்விட்டது, என்னுடையதில் எப்போதும் இடம் இருக்காது. ஆபீஸ் வேலைக்கு நான் வைத்திருந்த லேப்டாப்பில் ஒரு இலவச வெப்சைட்டைத் திறந்து கொடுத்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேசினால் போதும், அதுவே வைத்துக்கொள்ளும்.

ஆறு பதிவு பேசி முடித்ததும் திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்தத் தளம் தகவல்களை நிரந்தரமாகச் சேமித்து வைக்க அனுமதிக்கவா என்று கேட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், லொகேஷன் கொடு, நோட்டிபிகேஷன் கொடு என்று வரிசையாக வந்து நிற்குமே, அந்த ஜாதி. இதிலெல்லாம் என்னை அசைக்க முடியாது. எது கேட்டாலும் வேண்டாம் என்பேன், ஆபீசில் என் பெயரே பிளாக் மேடம். 'இப்போது வேண்டாம்' என்பதைத் தட்டினேன்.

"ஏளா, என்னமோ கேக்குல்லா, கொடுத்தா என்ன?" என்றார்.

"கேக்கதுக்கெல்லாம் சரின்னு சொன்னா நாளைக்கு வீட்டையும் எழுதிக் கேக்கும். நீங்க பேசாம இருங்க."

"ஒரு தரம்தான கேட்டிருக்கு. மூணு தரம் கேக்காம எந்த ஏலத்தையும் முடிக்கக் கூடாது, பாத்துக்கோ."

மனிதர் வாழ்க்கை முழுக்க அப்படித்தான். என்னைப் பெண் கேட்டே மூன்று தடவை வந்தார். இரண்டு தடவை எங்கள் அப்பா கதவைச் சாத்தினார்.

மறுநாள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், கடைசியாக ஒன்று பதிந்தார். கேஸ் சிலிண்டரை மூட மறக்காதே, மாத்திரையைச் சோற்றுக்கு அப்புறம் போடு, என்மேல் கோபப்பட்டுச் சாப்பிடாமல் படுக்காதே, இப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டி மறுபடி வந்தது. எனக்கு இருந்த எரிச்சலில் 'எப்போதும் தடு' என்று ஒரே தட்டு. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஏலக் குரலை முழுசாக எடுத்து, "ரெண்டு தரம்!" என்று கத்திவிட்டுச் சிரித்தார். பொத்தானை அணைத்தேன். ஆட்டோ வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நாலாம் நாள் மத்தியானம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அப்படியே ஆபீசிலிருந்து வந்து கிடந்த ஸ்கேன் பைல்களை லேப்டாப்பில் இறக்கினேன், ஒவ்வொன்றும் யானை கனம். டிஸ்கில் இடம் இல்லை என்று அது இரண்டு தடவை சொல்லியும் நான் கேட்கவில்லை. பாதியில் கரண்ட் போனது. மோடம் அணைந்தது, நெட் இல்லை, லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே உச்சி வெயில், தெருவில் உப்பு லாரி போகிற சத்தம். பயப்படுகிற நேரமே இல்லை அது.

அப்போது அந்தப் பெட்டி வந்தது.

நம்பினால் நம்புங்கள், அந்த வெப்சைட் திறந்தே இல்லை, ஆபீஸ் பக்கம் ஒன்றுதான் திறந்திருந்தது. ஆனால் பெட்டியில் அதே தளத்தின் பெயர், அதே கேள்வி. வேறு இடத்தில் தட்டினால் இந்த மாதிரிப் பெட்டிகள் ஓடிவிடும். தட்டினேன், போகவில்லை. குரல் கேட்டது, காற்று அடித்தது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன், எதுவுமே இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற ஆள் மாதிரி அது நின்றது. என் விரல் பழக்கத்தில் வேண்டாம் பக்கமே போனது. திடீரென்று அவருடைய ரெண்டு தரம் ஞாபகம் வந்தது, இது மூணாம் தரம். 'அனுமதி' என்பதைத் தட்டினேன். பெட்டி மறைந்தது. ஏன் அழுகிறேன் என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் எல்லா வெப்சைட்டும் என்னைப் புதிய ஆளாகப் பார்க்கிறது. பாதி அடித்து வைத்திருந்த டிராப்ட் எல்லாம் காலி. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கிற முத்துக்குமாரை வரச் சொன்னேன்.

"இடம் இல்லாம போனா பிரவுசரே பழசைத் தூக்கிப் போட்டுரும்க்கா. நிரந்தரமா வைக்கச் சொன்னதை மட்டும் தொடாது" என்றான்.

அந்த வெப்சைட்டைத் திறந்தோம். ஏழு பதிவும் அப்படியே இருந்தன.

"இது நெட்ல எங்கயும் இல்லக்கா, இந்த மெஷின்ல மட்டும்தான் இருக்கு. போயிருந்தா கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது" என்று பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். பிறகு அனுமதிப் பட்டியலைத் திறந்தவன் முகம் சுளித்தான். "நீங்க அனுமதி கொடுக்கவே இல்லையே. பிளாக்னுதான் இருக்கு."

"நேத்து திரும்பக் கேட்டுச்சு, கொடுத்தேன்."

"பிளாக் பண்ணினது திரும்பக் கேக்காதுக்கா. கேக்கவே முடியாது." ஆஸ்பத்திரி அலைச்சலில் எனக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே நர்ஸ் பொண்ணு வந்தது.

"அக்கா, நேத்து மத்தியானம் தூக்கத்துலயே மூணு விரலைத் தூக்கிக் காட்டிட்டே கிடந்தாரு. தண்ணியா, வலியான்னு எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன், புரியல. கொஞ்ச நேரத்துல அவரே கையை இறக்கிட்டு நல்லாத் தூங்கிட்டாரு."

அது எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் விழித்ததும் விசாரித்தேன், சிலேட்டில் 'ஞாபகம் இல்லை' என்று எழுதினார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார், கடற்கரைக்குப் போய் ஏலத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டதும் கடைசிப் பதிவைப் போடச் சொல்வார். "ரெண்டு தரம்!" என்று அந்தப் பழைய குரல் வீட்டை நிறைத்துவிட்டு நின்றுபோகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்த்து மூன்று விரலைத் தூக்குவார். நான் "சரி" என்பேன்.

பட்டியலை 'அனுமதி' என்று மாற்றித் தரட்டுமா என்று முத்துக்குமார் பலமுறை கேட்டுவிட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். அந்தத் தளத்தின் பெயருக்கு நேராக இன்றைக்கும் 'தடுக்கப்பட்டது' என்றுதான் இருக்கிறது.