காட்டிக் கொடுக்காத பெட்டி

கல்மண்டபத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் சாலையில், ஐஸ் வண்டிகள் ஒழுகிக்கொண்டே போகும் இடத்தில் நர்மதாவின் கடை இருக்கிறது. படகில் வைக்கும் வயர்லெஸ் செட்டு, ஆழம் பார்க்கும் கருவி, ஜி.பி.எஸ். ஆகியவற்றை அவள் பழுது பார்க்கிறாள். பிளஸ் டூ முடித்த கையோடு, அப்போது தவசிமுத்து அண்ணாச்சியின் கடையாக இருந்த இதே இடத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க வந்தவள். உப்புக் காற்று தின்ற செட்டுகளை அண்ணாச்சி ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பார். மதியம் ஆள் வராத நேரத்தில் அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாள். பிறகு எது எதனால் செத்தது என்று பார்த்தாள். “ஷாக் அடிச்சிராம பாத்துக்கோ பிள்ள” என்பதற்கு மேல் அண்ணாச்சி ஒன்றும் சொன்னதில்லை. அவர் ஊரோடு போய்விட்டபோது கடை அவள் கைக்கு வந்தது.

அவள் வாக்கப்பட்டது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். கணவன் ஜெகதீசன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். பள்ளிக்கூடம் போகும் மகன் ஒருவன். மாமியார் குப்பம்மா மீன் வியாபாரம் செய்கிறாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் நியாயமாக விலை சொல்வார்கள்.

ஒரு வருடம் காற்று அடித்த நாளில் ஜெகதீசனின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. செல்போனுக்கு சிக்னல் எட்டாத தூரம். சட்டையைக் கழற்றி ஆட்டி, வேறொரு படகு கண்ணில் படும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தான். கரையில் நர்மதாவுக்கு ஒன்றும் தெரியாது. அவன் வந்து சேர்ந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் சொன்னான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரே யோசனை. கரைக்கு எட்டுகிற பெரிய செட்டைச் சின்னப் படகில் வைக்க முடியாது. ஆனால் காலையில் கடலைப் பார்த்தால் படகுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும், அடுத்தது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சிதறிக் கிடக்கும். ஒரு படகு சொல்வதை அடுத்த படகு வாங்கி, அதற்கடுத்ததிடம் கொடுத்தால்? கோபுரம் வேண்டாம், கம்பெனி வேண்டாம். படகுகளே கோபுரம்.

லைசென்ஸ் கேட்காத அலைவரிசையில் வேலை செய்யும் சின்ன ரேடியோ சில்லுகளை வாங்கி, தண்ணீர் புகாத பெட்டியில் அடைத்தாள். பெட்டி போனோடு பேசும். போனில் தட்டிய வார்த்தையைப் பெட்டி காற்றில் விடும். கேட்கிற பெட்டியெல்லாம் அதை வாங்கித் தள்ளிவிடும். முதல் பெட்டி உப்பில் போனது. இரண்டாவது வெயிலில் வெந்தது. அடுத்ததற்கு உள்ளே மெழுகு பூசினாள். அது நின்றது.

சேதி வீடுகளுக்கும் எட்ட, கரையில் ஒரு கம்பத்தில் ஒரு பெட்டியைக் கட்டினாள். குப்பத்துப் படகுகள் பலவற்றிலும் பெட்டி ஏறியது. தண்டபாணியின் படகிலும் ஏறியது. அதுதான் முக்கியம். தண்டபாணி ஜெகதீசனோடு சேர்ந்து வளர்ந்தவன், குப்பத்தில் மீன் வாசம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன். அவன் எதை வைத்துக்கொள்கிறானோ அதையே மற்றவர்களும் வைத்துக்கொள்வார்கள்.

அங்கேதான் நர்மதா சறுக்கினாள். எந்தச் சேதி எந்தெந்தப் படகு வழியாக வந்தது என்று போனில் தெரியும்படி செய்திருந்தாள். பழுது பார்க்கிறவளுக்கு வழி தெரிந்தால் சந்தோஷம். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். கடல் தொழிலில் மீன் கிடைத்த இடத்தைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள் என்பது அந்தக் குப்பத்து மருமகளுக்குத் தெரியாததா? ஆனாலும் தோன்றவில்லை.

ஒரு நாள் தண்டபாணி ஒரு நல்ல இடத்தில் வலை விட்டான். வீட்டுக்கு ஒரு வார்த்தை அனுப்பினான். அது யார் வழியாகப் போனது என்பதை வைத்து அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவனைச் சுற்றி ஒரு திருவிழாவே கூடிவிட்டது.

மறுநாள் பெட்டியை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்து மேஜைமேல் வைத்தான்.

“தங்கச்சி, இது பொட்டி இல்ல, போலீஸ்காரன். புட்சிக்கோ.”

வாசலில் கூடையை இறக்கிவைத்திருந்த குப்பம்மா கேட்டுவிட்டாள். “ஏன்டா, நீ கொலையா பண்ணிகினு வந்த, போலீஸுக்குப் பயப்பட?”

“நீ சும்மா கெட அத்தை. உனுக்கு வித்தா போதும்.”

அதோடு, வலை இறங்கியதும் எல்லாரும் பெட்டியை அணைக்கத் தொடங்கினார்கள். நடுவில் நாலு பேர் அணைத்தால் சங்கிலி அறுந்துபோகும். கோடியில் இருக்கிற படகுக்கு மறுபடியும் சட்டைதான் கதி.

நர்மதா பெட்டிகளை வாங்கி உள்ளே இருந்த நிரலைத் திருத்தினாள். வழியைக் காட்டுவதை நீக்கினாள். எவ்வளவு பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டுவதையும் நீக்கினாள். சேதியை வாங்கிய பெட்டி அதை உடனே தள்ளாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு தயங்கித் தள்ளும்படி வைத்தாள். முந்திப் பிந்தி வருவதை வைத்தும் யாரும் கணக்குப் போட முடியாது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் இருக்கும் இடத்தைச் சொல்லும்.

தண்டபாணி தலையை ஆட்டினான். “வாயால யாரு வேணா சொல்லலாம் தங்கச்சி.”

“அப்ப தேடிப் பாருண்ணா. ஞாயித்துக்கெழம நானும் உன் மச்சானும் கடல்ல போயி நிக்கறோம். நான் சேதி வுட்டுகினே இருப்பேன். பொட்டிய வெச்சி என்னைக் கண்டுபுடி. உச்சிக்குள்ள கண்டுபுடிச்சா எல்லாப் பொட்டியையும் நானே கயட்டிக்கறேன். இல்லன்னா, வலை உள்ள இருந்தாலும் அணைக்கக் கூடாது.”

“கண்ணாமூச்சியா?” என்று சிரித்தான் தண்டபாணி. சிரித்தாலும் ஒப்புக்கொண்டான்.

ஞாயிறு காலை ஜெகதீசன் அவளை ஏற்றிக்கொண்டு படகை வடக்கே விட்டான். எங்கே என்று அவளிடமும் சொல்லவில்லை. எண்ணூர்ப் புகைபோக்கிகளை அடிக்கடி திரும்பிப் பார்த்தான். அவை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்து நின்றதும், அதுதான் அடையாளம் என்பதுபோல் எஞ்சினை நிறுத்தினான். கீழே பார் இருக்கிறது என்றான். கடலடிப் பாறையைத்தான் பார் என்பார்கள்; சங்கரா மீன் அங்கே ஒதுங்கும். பக்கத்தில் சரக்குக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நின்றது. அதன் மறைவு வேறு.

நர்மதா போனில் தட்டினாள். “இன்னாண்ணா, கண்ணு தெரிலயா?”

பதில்கள் வந்தன. “தோ வந்துட்டோம்.” “காசிமேடு பக்கம் கீறீங்க, தெரியுது.” கரையில் கம்பத்தில் கட்டிய பெட்டி வழியாகக் குப்பம்மாவும் யாரையோ விட்டுத் தட்டச் சொல்லியிருந்தாள்: “சோறு ஆறுது. வெளயாட்டு முட்ச்சிட்டு வாங்க.”

தூரத்தில் படகுகள் தெற்கும் கிழக்குமாகச் சிதறுவது தெரிந்தது. அவளுக்கு மனசு லேசானது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் தூண்டிலைப் போட்டு ஒரு சங்கராவைக்கூடத் தூக்கிவிட்டான்.

அப்போதுதான் கப்பலைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. தேடித் திரிந்து வரவில்லை. கயிறு பிடித்ததுபோல் நேராக வந்தது. தண்டபாணி. அவனை நம்பி இன்னும் இரண்டு படகுகள் பின்னால்.

நர்மதா கையிலிருந்த போனைப் பார்த்தாள். எதை விட்டுவிட்டோம்? எதை மறைக்க மறந்தோம்? பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது கண்முன் வந்தது.

“எப்டிண்ணா?” என்று கேட்டாள்.

தண்டபாணி எஞ்சினை நிறுத்தினான். கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். அவளைப் பார்த்தான், ஜெகதீசனைப் பார்த்தான், பின்னால் நின்ற படகுகளைப் பார்த்தான். பெட்டி சொன்னது என்று ஒரு வார்த்தை போதும். அவன் சொன்னால் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

“பொட்டி ஒண்ணியும் சொல்லல” என்றான் கடைசியில். “காலைலேந்து அத்த மொறச்சிப் பாத்துகினுதான் கீறேன். ஒரு எழவும் தெரில.”

“அப்பறம்?”

“இவன் வேற எங்க போவான்? இவன் பாரு இதுதான.”

ஜெகதீசனின் கையிலிருந்த தூண்டில் கயிறு தளர்ந்தது. “உனுக்கு எப்டிரா தெரியும்?”

“பொங்கலுக்கு முன்னாடிலேந்தே தெரியும் மச்சான். நீ வராத நாள்ல வந்துகினுதான் கீறேன்.”

“அடப்பாவி! மீன் கொறஞ்சி போச்சின்னு நான் கப்பல்காரன இல்ல திட்டிகினு இருந்தேன்!”

பின்னால் இருந்த படகில் ஒருவன் எழுந்து நின்று புகைபோக்கிகளை அளவெடுப்பதுபோல் பார்த்தான். “விடு மாமு. இப்ப நாங்களும் தெர்ஞ்சிகினோம்.”

எல்லாரும் சிரித்தார்கள், ஜெகதீசனைத் தவிர. நர்மதாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. “கண்டுபுடிச்சதுக்குப் பொட்டிய கயட்டணுமாண்ணா?” என்று தண்டபாணியைக் கேட்டாள்.

“அது கண்டுபுடிக்கல, நான் கண்டுபுடிச்சேன். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்று அவன் எஞ்சின் கயிற்றை இழுத்தான்.

ஜெகதீசன் அன்று பொழுது சாயும்வரை தண்டபாணியோடு பேசவில்லை. அப்புறம் இருவரும் சேர்ந்து வலை பிரித்தார்கள். அந்தப் பாருக்கு இப்போது இன்னும் சில படகுகள் போகின்றன. ஜெகதீசன் வேறு இடம் பார்த்துவைத்திருக்கிறான். எங்கே என்று நர்மதா கேட்பதில்லை.

போன வாரம் கடையில் ஒரு ஆழமானியைப் பிரித்துப் போட்டிருந்தபோது போன் முனகியது. ஜெகதீசன்தான். “லேட்டாவும். பையன டியூசன்லேந்து இட்டுகினு வந்துடு.” வலை இறங்கியிருக்கும் நேரம். அவ்வளவு தூரத்திலிருந்து கரைக்கு அது நேராக எட்டாது. நடுவில் யாரோ, மீன்மேல் நின்றுகொண்டே, பெட்டியை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். யார் என்று அவள் செய்த பெட்டி அவளுக்கும் சொல்லாது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மகனைக் கூட்டிவரக் கிளம்பினாள்.