வலக்கைப் பக்கத்து இருக்கை

1. நாலாக மடித்த தாள்

ஹெர் லோமன் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்தது ஒரு மழைநாள் காலையில். குடை இல்லாமல் தெப்பமாக நனைந்து வந்தவர், கோட்டுக்குள்ளே இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். அதில் மட்டும் ஈரம் படவில்லை.

அப்போது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் மன்னாரிலிருந்து அகதியாக வந்து, மொழி படித்து, கட்டட வரைபடம் வரைவதில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, ஜேர்மனியின் பான் நகரில் ஒரு சிறிய அலுவலகத்தில் ஆறாவது வருடம் வேலை செய்துகொண்டிருந்தேன். கைவேகம் கூடியவள் என்று பெயர். அந்தப் பெயரால் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

லோமன் ஓய்வுபெற்ற பொறியியலாளர். இருபது வருடங்களுக்கு மேல் கலிஃபோர்னியாவில் வேலை செய்துவிட்டு மனைவியோடு ஊர் திரும்பியிருந்தார். தாளில் இருந்தது அவர்கள் அங்கே வாழ்ந்த வீடு. பென்சிலால் தானே அளந்து கீறியிருந்தார். அவர் பேசியது ஜேர்மன்தான். என் மனதில் நின்றபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு இதே வீடு வேணும். இங்க, இந்த ஊரில."

எங்கள் ஷெஃப், அலுவலகத்தின் முதலாளி, படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிராஃப்ட்ஸ்மன் வீடு. இங்க ஆரும் கட்டுறேல்லை."

"தெரியும். என்ர மனிசிக்கு மறதி நோய் தொடங்கியிட்டுது. இப்ப இருக்கிற பிளாட்டில குசினியைத் தேடித் திரியிறா. அந்த வீட்டில அவ ஒரு நாளும் வழி தவறேல்லை."

இதைக் கேட்டபோது எனக்கு மனம் இளகியது உண்மை. மனம் இளகிய கையோடு அளவுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கிவிட்டேன். அவர் சொன்னதன் பொருளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

2. அந்த வீட்டில் என்ன இருக்கிறது

இந்த வகை வீட்டை எங்கள் ஆட்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். கூரை தாழ்ந்து, சரிவு குறைவாக இருக்கும். தாழ்வாரம் அகலமாக வெளியே நீளும். கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனியைப் பலகை போட்டு மறைக்காமல் அப்படியே தெரிய விடுவார்கள். முன்பக்கம் ஆழமான விறாந்தை. அதன் தூண்கள் கீழே கல், மேலே மரம். மரம் மேலே போகப் போக ஒடுங்கும். எது எதைத் தாங்குகிறது என்று வீதியில் நின்றே சொல்லிவிடலாம். அந்த வெளிப்படைத்தன்மைக்காகத்தான் பலருக்கு இந்த வீட்டில் ஆசை வருகிறது.

உள்ளே போனால் நடைபாதை கிடையாது. வாசலைத் தாண்டினால் நேரே மண்டபம். கணப்பு அடுப்பு, அதன் இரு பக்கமும் சுவரோடு சேர்ந்த புத்தக அலுமாரிகள். சாப்பாட்டு இடத்தைப் பிரிக்க இடுப்பளவு சுவர், அதன் மேல் இரண்டு குட்டித் தூண். வாசலருகே சப்பாத்துக் கழற்ற மர இருக்கை. அதுவும் சுவரோடு சேர்ந்ததுதான். தளபாடத்தில் பாதி வீட்டோடு பிறந்தது. யாரும் அதை இழுத்து வேறு மூலையில் போட முடியாது.

நாங்கள் வரைந்தது இந்தக் காலத்து வடிவம். குசினி மண்டபத்தைப் பார்த்துத் திறந்தது. யன்னல்களுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. கைமரம் சுவரைத் துளைத்து வெளியே போனால் குளிர் அதே வழியால் உள்ளே வரும் என்பதால், வெளியே தெரியும் நுனிகளைத் தனியாகச் செய்து பொருத்தினோம். "வெளிப்படையான வீடெண்டு சொல்லிப்போட்டு வாலை மட்டும் ஒட்டுறம்," என்று ஷெஃப் சிரித்தார். கூரைச் சரிவுக்கு நகராட்சியிடம் தனி அனுமதி கேட்டு அந்த அன்ராக் விண்ணப்பம் திரும்பி வர நாலு மாதம் போனது.

3. மிரர்

லோமனின் தாளில் கராஜ் வீட்டின் வலப்பக்கம் இருந்தது. வாங்கிய காணியிலோ வாகனம் உள்ளே வர இடப்பக்கம் மட்டும்தான் வழி. கராஜை மட்டும் மாற்றினால் குசினிக் கதவு, குழாய், யன்னல் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும். இரண்டு நாள் வேலை.

வரையும் மென்பொருளில் மிரர் என்று ஒரு கட்டளை உண்டு. அழுத்தினால் முழு வீடும் கண்ணாடியில் பார்த்ததுபோல் வலம் இடமாகத் திரும்பிவிடும். நான் அழுத்தினேன். கராஜ் சரியான இடத்தில் போய் நின்றது. ஷெஃபிடம் "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன்.

லோமன் கையெழுத்துப் போட வந்தபோது அளவுகோல் கொண்டுவந்து படத்தில் ஒவ்வோர் அறையாக அளந்தார். ஓர் அளவும் பிழையில்லை. தன் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் இருக்கை வலப்பக்கம், அடுப்பு இடப்பக்கம். எங்கள் படத்திலும் இருக்கை வலப்பக்கம், அடுப்பு இடப்பக்கம். ஆனால் அவர் தாளில் வாசல் கீழே இருந்தது. நாங்கள் வடக்கு மேலே வரும்படி அச்சிடுவோம். வீதி வடக்கில் என்பதால் எங்கள் படத்தில் வாசல் மேலே இருந்தது. அந்த வாசலால் உள்ளே நடந்து வருகிற ஆளுக்கு எல்லாம் மறுபக்கம். அவருக்கு அது பிடிபடவில்லை. அது பிடிபட வேண்டியவள் நான். பக்கத்திலேயே பேனையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

4. ஆர் எடுத்தது

உள்வேலை முக்கால்வாசி முடிந்த ஒரு பின்னேரம் லோமன் தன் மனைவி இங்கிரிட்டை முதன்முதலாக அழைத்து வந்தார். அன்று எனக்குக் கட்டடத் தளத்தில் வேலையைப் பார்வையிட டெர்மின் குறித்திருந்தது. மரவேலை செய்த யோகன் அண்ணை அலுமாரிக் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெல்சென்கிர்ச்சனிலிருந்து தினமும் வந்து போவார்.

இங்கிரிட் விறாந்தைத் தூணைக் கண்டதும் நின்றார். கல்லைத் தடவிப் பார்த்தார். கணவரின் கையை விட்டுவிட்டுத் தானாகவே படியேறினார். லோமன் என்னைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே வந்த இங்கிரிட் பின்னால் திரும்பிப் பாராமல், வலப்பக்கம் ஒதுங்கி, சப்பாத்துக் கழற்றுவதற்காக அப்படியே உட்கார்ந்தார்.

அங்கே இருக்கை இல்லை. அது இடப்பக்கம் இருந்தது.

யோகன் அண்ணை பாய்ந்து தோளைப் பிடித்திருக்காவிட்டால் தலை சுவரில் அடித்திருக்கும். தரையில் இருந்தபடியே இங்கிரிட் வெறும் சுவரைக் கையால் தடவினார்.

"ஆர் எடுத்தது?" என்று கேட்டார். "இவ்வளவு காலமும் இங்கதானே இருந்தது. ஆர் எடுத்தது?"

லோமன் சுவரைப் பார்த்தார். எதிரே இருந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். அவர் மனதுக்குள் முழு வீட்டையும் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "இது எங்கட வீடில்லை, போவம்," என்று இங்கிரிட் அழத் தொடங்கினார். இருவரும் போய்விட்டார்கள்.

5. கழற்றிப் பூட்டினது

நடந்ததைக் கேட்ட ஷெஃப் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அவர் கையெழுத்து வைச்சிட்டார். நீங்கள் ஒண்டும் கதைக்கக் கூடாது. பிழையெண்டு வாயால சொன்னால் காப்புறுதிக்காரன் கையை விரிப்பான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் என்னால் ஏலவில்லை. வேலையும் போகலாம் என்று தெரிந்துகொண்டே லோமனின் வீட்டு மணியை அடித்தேன்.

"வீட்டைத் திருப்பினது நான். கராஜுக்காக. உங்களிட்டக் கேட்கேல்லை," என்றேன்.

 அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எதைத் திரும்ப மாத்தலாம்?"

கையில் பட்டியல் கொண்டுபோயிருந்தேன். இருக்கை, அலுமாரிகள், இடுப்பளவு சுவர், குட்டித் தூண்கள். இவை ஒன்றும் பாரம் தாங்குவதில்லை. மாற்றலாம். புகைபோக்கி, மாடிப்படி, குசினிக் குழாய்கள் மாற்ற ஏலாது. அடுப்பு வலப்பக்கமே நிற்கும்.

யோகன் அண்ணையிடம் போய் நின்றபோது அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "நீ கீறினபடிதான் நான் அடிச்சனான், தங்கச்சி," என்று மட்டும் சொன்னார். பிறகு திருகாணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்ல காலம், பசை போடேல்லை. கழட்டிப் பூட்டலாம். புதுசாக் கீறிக்கொண்டு வா. இந்த முறை வாசல்ல நிண்டு கீறு."

அப்படியே செய்தேன். சனிக்கிழமைகளில் வெறும் மண்டபத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, கடதாசியில் கையால் கீறினேன். ஷெஃப் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. அந்த வருடம் முழுக்க வணக்கமும் சொல்லவில்லை.

6. அடிக்காமல் விட்ட சுவர்

லோமன் தம்பதியர் அந்த வீட்டில் மூன்று குளிர்காலம் வாழ்ந்தார்கள். அதன்பின் இங்கிரிட் காலமானார். வீட்டை விற்பதற்குப் படங்களின் பிரதி வேண்டும் என்று லோமன் அழைத்தார். நானே கொண்டுபோனேன்.

வாசலால் நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கை. ஓரத்தில் மெருகு தேய்ந்து மரம் வெளிறியிருந்தது. "ஒவ்வொரு நாளும் திரும்பிப் பாக்காமல்தான் வந்து இருப்பா. ஒரு நாளும் விழேல்லை," என்றார் லோமன்.

விற்பனைக்காக வீடு முழுக்கப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். இடப்பக்கச் சுவரில் மட்டும் அடிக்கவில்லை. பழைய வீட்டில் கணப்பு அடுப்பு இருந்த பக்கம் அது. நெஞ்சளவு உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு மங்கிய கறைகள்.

"பின்னேரத்தில இஞ்ச வந்து கையைக் காய்ச்சுவா," என்றார். "அடுப்பு அங்கால எரியும். நான் கூட்டிக்கொண்டு போய் இருத்துவன். அடுத்த நாளும் இஞ்சதான் வந்து நிப்பா. குளிருதெண்டு சொல்லுவா."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தலையசைத்தார். "உங்கட பிழை இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனால் படத்துக்குக் கீழ கிடக்கிறது என்ர கையெழுத்து."

நான் அந்தச் சுவரில் என் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தேன். சுவர் குளிர்ந்துதான் இருந்தது.

இன்றைக்கும் நான் மிரர் கட்டளையைப் பாவிக்கிறேன். அது இல்லாமல் எங்கள் தொழில் ஓடாது. ஆனால் அழுத்துவதற்கு முன் கதிரையை விட்டு எழுந்து நிற்பேன். கண்ணை மூடி, அந்த வீட்டு வாசலால் உள்ளே வந்து, வலக்கையை நீட்டி, இருக்கை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பிறகுதான் உட்காருவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களையும் எழுப்பி நிற்க வைப்பேன்.