நேரம் பார்க்காத விளையாட்டு

லாண்டரியில் அவளை எல்லோரும் "மடிப்பக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவளே சட்டென்று திரும்பமாட்டாள். ஓட்டல்களிலிருந்து வெளுக்க வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிர்முனையைப் பிடிக்க, பள்ளி விட்டதும் மகள் ஓடி வந்துவிடுவாள்.

நாள் முழுக்க "ஏன்? ஏன்?" என்று உயிரை வாங்குவதால் அவளுக்கு ஏன்குட்டி என்று பெயர். விரிப்பின் ஒரு மூலையில் ஓட்டலின் நீலக் குறி இருக்கும். நாலு மடிப்பு மடித்தால் அது மேலே வருமா, உள்ளே போகுமா? மடிக்கும் முன் குட்டி சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு. அவள் வாயைத் திறக்கும்வரை, கை கடுத்தாலும், இருவரும் துணியைப் பிடித்தபடி நிற்பார்கள். ஒருமுறை முதலாளியே எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் கொடியா நின்னு காயப்போடறீங்களா?" என்று கத்தினார். பதில் தப்பானால் இன்னும் கொண்டாட்டம், சிரித்தே சாவார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு மூக்கில் வியர்க்காதா? வேகக் கணக்குப் போட்டிக்குப் பழக்கும் வகுப்பில் தூக்கிப் போட்டார்கள். கொஞ்ச நாளில் குட்டிக்குக் காலையானால் வயிற்றுவலி. "ஏன்" என்ற சத்தமே வீட்டில் இல்லை. மடிப்பக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பரீட்சைக்குப் பரீட்சை வாந்தியெடுத்து, படிப்பே வேண்டாமென்று ஓடி வந்தவள் அல்லவா அவள்! நேரே போய்ச் சண்டை போட்டு மகளை அந்த வகுப்பிலிருந்து மீட்டாள். அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் அவளுடைய அக்காவும் கூடவே நின்று பேசினாள்.

"புள்ளையோட சந்தோஷம்தாண்டி முக்கியம். நான் பாத்துக்கறேன்."

அதன்பிறகு அக்காவும் சாயங்காலங்களில் வந்து இஸ்திரி மேசை ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். மடியில் போன். குட்டி சொல்லச் சொல்ல, "அடி சக்கை!" என்று கைதட்டுவாள். பெரியம்மா வந்தால் குட்டிக்கும் ஏக குஷி. வயிற்றுவலி போய், "ஏன்" திரும்பி வந்தது.

ஒருநாள் குட்டி "மேல!" என்று கத்தியதும் அந்தப் போன் பீப் என்றது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நேத்து ஆனதுல பாதி நேரம்கூட ஆகலடி!"

"எதுக்குக்கா நேரம்?"

"அந்த வேகக் கணக்குப் போட்டிக்குத்தான். பேர் குடுத்தாச்சு. யோசிக்கிற வேகத்த தினமும் குறிச்சு ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டினேன், மனுஷன் அசந்துட்டார். அவளுக்கே தெரியாம பழகிட்டா பாத்தியா?"

மடிப்பக்காவின் கையிலிருந்து துணி நழுவியது. "பாவி! நான் வாந்தியெடுக்கறப்ப முதுகத் தடவிவிட்டவ நீதானே. உன்ன நம்பித்தானே உள்ள விட்டேன்!"

"அதனாலதாண்டி செஞ்சேன். உன்ன மாதிரி அவளும் துணி மடிக்கணுமா?"

கூடப்பிறந்தவள் வாயிலிருந்து இதைக் கேட்க வேண்டியிருந்ததே! மடிப்பக்கா வாசலைக் காட்டினாள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனாள். குட்டி அழவில்லை. தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"சத்தியமா தெரியாதுடி தங்கம்."

குட்டி தலையாட்டினாள். நம்பினாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

மறுநாளே மடிப்பக்கா பள்ளிக்குப் போய்ப் போட்டியிலிருந்து பெயரை எடுக்க வைத்தாள். அக்கா அதன்பின் வரவில்லை. சாயங்காலம் குட்டி வழக்கம்போல இரண்டு மூலைகளைப் பிடித்தாள். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"எவ்வளவு நேரம் தருவ?"

"நேரமாவது ஒண்ணாவது! கை விட்டுப்போற வரைக்கும் நிப்போம், வா."

"உள்ள," என்றாள் குட்டி, மூச்சுவிடாமல்.

மடித்தார்கள். நீலக் குறி மேலே வந்து நின்றது. மடிப்பக்கா வழக்கம்போல வாய்விட்டுச் சிரித்தாள். எதிர்முனையில் சிரிப்பில்லை. குட்டி முகம் வெளுத்துப்போய், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எடும்மா," என்றாள். "இந்தத் தடவ வேகமா, கரெக்டா சொல்லிடறேன்."