வீடு பார்க்க வந்த நாள்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்தது. என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர். அந்தச் சம்பளத்தில் பீஸ் கட்ட வழியில்லை. அவளுடைய டீச்சர்தான் ஒரு அறக்கட்டளைக்கு உதவித்தொகை கேட்டு எழுதிப் போட்டார். நேரில் வந்து வீட்டைப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்களாம். ஒரு சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் எங்கள் பக்கம் அப்படியே இருந்துவிட மாட்டோம். என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நல்ல நாற்காலியும் ஒரு ஃபேனும் தூக்கி வந்தார். நான் பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பிட்டு சுட்டேன். பக்கத்து வீட்டம்மா என் கழுத்தைப் பார்த்தார். மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடந்தது.

"ஏனுங்கக்கா, வர்றவங்க முன்னால இப்புடியா நிப்பீங்க?" என்று தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

மகள் சிரித்தாள். "அவங்க என்ன பொண்ணு பாக்கவா வர்றாங்க? நம்ம கஷ்டத்தப் பாக்கத்தானுங்கம்மா வர்றாங்க."

"கஷ்டத்தச் சாமிகிட்டத்தான் காட்டோணும் கண்ணு. மனுசங்ககிட்டக் காட்டக் கூடாது."

ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் வந்தார்கள். தண்ணீர் போதும் என்றார்கள். நான் விடவில்லை. "வெறும் வயித்தோட போனீங்கன்னா எங்க மனசு கேக்காதுங்க" என்று இலை போட்டு, ஒப்பிட்டின் மேல் நெய்யும் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா, "சங்கிலி உங்களுதுங்களா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றிருந்தார். இரவல் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்கம்மா போட்டதுங்க" என்றேன்.

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். "ஏனுங்கம்மா, நகையெல்லாம் போட்டுட்டு நின்னீங்களாமா? வசதியான குடும்பம்னு எழுதிப்போட்டாங்க."

நடந்ததைச் சொல்லி அழுதேன். அவரும் அவர்களிடம் பேசிப் பார்த்தார். பட்டியல் முடிந்துவிட்டதாம், அடுத்த வருடம் பார்க்கலாமாம். அதுவரைக்கும் காலேஜில் இடம் காத்திருக்குமா? என் வீட்டுக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் விளக்கு வைத்துவிட்டு நின்றேன். எத்தனை வருடமாக இந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட இடம். அன்றைக்கு ஒன்றும் கேட்க முடியவில்லை. அம்மன் கொடுக்காமல் இல்லை, நான்தான் பொய் சொல்லித் தட்டிவிட்டேன்.

கடைசியில் காலேஜிலிருந்து போன் வந்தது. மகளே எடுத்தாள்.

"இல்லீங்க, நான் சேரலீங்க. எடத்த வேற பொண்ணுக்குக் குடுத்துருங்க."

ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல.

"ஊட்டுல சூழ்நிலை சரியில்லீங்க" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்றது. சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தேன். "வாரேனுங்கம்மா" என்று ஏறிக்கொண்டாள்.